வேகத்தடையைத் தாண்டிய அந்த ஒரு நொடி

ஸ்போர்ட்டி செடான் ஒன்றை டெஸ்ட் டிரைவ் எடுத்துவிட்டு வருபவரிடம் கார் எப்படி என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "சஸ்பென்ஷன் கொஞ்சம் இறுக்கம். இந்த மாதிரிக் கார் என்றால் அப்படித்தானே இருக்கும்." அந்த "அப்படித்தானே" என்பதை நான் ஏற்பதில்லை. இறுக்கமான கார்கள் எல்லாம் வளைவில் நன்றாக நிற்பதில்லை. வளைவில் நன்றாக நிற்கும் கார்கள் எல்லாம் முதுகைப் பதம் பார்ப்பதுமில்லை. இறுக்கம் வேறு, கட்டுப்பாடு வேறு. இரண்டையும் பிரித்து உணரப் பழகிவிட்டால் அரை மணி நேர ஓட்டத்திலேயே ஒரு காரைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். இடுப்பும் கழுத்தும் உள்ளங்கையும் போதும்.

சஸ்பென்ஷன் என்பது சக்கரங்களுக்கும் காரின் உடலுக்கும் நடுவே இருக்கும் அமைப்பு. அதில் ஸ்பிரிங்கிலிருந்து தொடங்குவோம். காரின் உடல் நான்கு ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதை ஒருமுறை அழுத்திவிட்டால் மேலும் கீழுமாக ஆடும். நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறதோ அதுவே அதன் இயல்பு அதிர்வெண். மென்மையான குடும்பக் காரில் இது 1 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு ஒருமுறை என்பதை, ஒட்டி இருக்கும். ஸ்போர்ட்டி செடானில் 1.5 ஹெர்ட்ஸை ஒட்டியோ சற்று மேலேயோ இருக்கும். 1 எங்கே, 1.5 எங்கே, பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் ஸ்பிரிங் 1 ஹெர்ட்ஸில் ஆட வேண்டுமானால் காரின் எடையைத் தாங்கி நிற்கும்போதே அது சுமார் 25 செ.மீ. அமுங்கியிருக்க வேண்டும் என்கிறது கணக்கு. 1.5 ஹெர்ட்ஸுக்கு 11 செ.மீ. போதும். 2 ஹெர்ட்ஸ் என்றால் 6 செ.மீ.க்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதிர்வெண் இரு மடங்கானால் விறைப்பு நான்கு மடங்காகிவிடும்.

மனித உடல் எல்லா ஆட்டத்தையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. சாதாரணமாக நடக்கும்போது நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறோம். உடலும் அந்தத் தாளத்தில் ஏறி இறங்குகிறது. அதனால் 1 முதல் 2 ஹெர்ட்ஸ் வரையிலான ஆட்டம் நமக்குப் புதிதல்ல. அதைவிட மிக மெதுவாக, ஐந்து நொடிக்கு ஒருமுறை என்ற அளவில் கப்பல்போல அசைந்தால் குமட்டல் வரும். செங்குத்தான அதிர்வில் உடம்பு மிகவும் சிரமப்படுவது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். வயிறும் மார்பும் அந்த வேகத்தில் தாமும் சேர்ந்து குலுங்கத் தொடங்குகின்றன. அதிர்வை மனித உடல் எப்படி ஏற்கிறது என்பதை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 2631 தரநிலையும் இந்தப் பகுதிக்குத்தான் அதிக எடை தருகிறது. "ஏதோ ஒரு மாதிரி நடுங்கிக்கொண்டே இருக்கிறது, சொல்லத் தெரியவில்லை" என்று பயணிகள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஆகவே சாலையில் போகும்போது வரும் குலுக்கல் மெதுவான ஏற்ற இறக்கமா, வயிற்றைத் தொடும் நடுக்கமா, இல்லை தரையிலிருந்தும் ஸ்டீயரிங்கிலிருந்தும் வரும் படபடப்பா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே ஓட்டுங்கள். இந்த மூன்றாவது, சக்கரமே தனியாகத் துள்ளுவதால் வருவது. அது 10 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. முதலாவது சற்று இறுக்கமாக இருப்பதை ஸ்போர்ட்டி காரில் நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன். இரண்டாவது ஓயாமல் இருந்தால் அது வடிவமைப்பின் குறை. ஸ்போர்ட்டி என்ற பெயர் அதற்குச் சமாதானம் ஆகாது.

இனி ஒரு வேகத்தடை. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏறுகிறோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 2.7 மீட்டர் இடைவெளி உள்ள கார் என்றால், முன் சக்கரம் ஏறி ஏறக்குறைய அரை நொடி கழித்தே பின் சக்கரம் ஏறும். அந்த அரை நொடியில் முன்பக்க ஸ்பிரிங் அமுங்கி, அதிர்ச்சியைத் தன்னுள் வாங்கி, திரும்பத் தள்ளத் தொடங்கிவிடும். இங்கேதான் ஷாக் அப்சார்பருக்கு வேலை. பெயர்தான் அப்படி, உண்மையில் அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங், அதற்குப் பிறகு வரும் ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் எண்ணெய் சின்னஞ்சிறு துளைகள் வழியாகப் பிதுங்கிப் போகும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. ஆட்டத்தை இப்படி அடக்குவதுதான் தணிப்பு.

காரின் மூக்கைக் கவனியுங்கள். மேலே போகும், கீழே வரும், சமநிலையைவிட ஒரு நூல் தாழும், பிறகு நின்றுவிடும். இது நல்ல அறிகுறி. பயணிகள் காருக்குரிய சராசரித் தணிப்பு இருந்தால் ஒரு முழு ஆட்டம் முடிந்ததும் எஞ்சியிருப்பது முதலில் இருந்ததில் ஏழில் ஒரு பங்குதான். தணிப்பு அதில் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் பாதிக்கு மேல் எஞ்சிவிடும். மூக்கு இரண்டு மூன்று முறை தலையாட்டும். ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் தலையாட்டும் காரைக் கட்டுப்பாடான கார் என்று நான் சொல்ல மாட்டேன். இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. மூக்கு ஆடவே ஆடாது. மோதியதுபோல் எழும்பி, விழுந்ததுபோல் நிற்கும். தணிப்பு மிகையாக இருந்தாலும் இப்படி ஆகும், ஸ்பிரிங் அசைய இடம் போதாமல் முடிவில் இருக்கும் ரப்பர் தடுப்பில் இடித்தாலும் இப்படி ஆகும். இரண்டாவதாக இருந்தால் "டொக்" என்று ஒரு சத்தம் சேர்ந்து வரும். அழகுக்காகத் தாழ்த்தப்பட்ட கார்களில் அந்த இடம் குறைவு. நான்கு பேர் ஏறினால் இன்னும் குறைவு. ஆகவே தனியாகப் போய் ஓட்டிப் பார்க்காதீர்கள், வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு போங்கள்.

வேகம் கூடும்போது இன்னொரு நுணுக்கம் வெளிப்படும். 60 கி.மீ. வேகத்தில் முன் சக்கரம் ஒரு மேட்டில் ஏறி 0.16 நொடியில் பின் சக்கரமும் ஏறிவிடும். முன்பக்கம் ஆடத் தொடங்கிய பிறகு பின்பக்கம் தாமதமாகச் சேர்வதால் கார் ஏற்றமிறைக்கும் கட்டைபோல் முன்னும் பின்னும் சாய்ந்து சாய்ந்து ஆடும். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஆலி, இரு முனைகளிலும் எடைகளை நகர்த்தி வைக்கக்கூடிய ஒரு சோதனைக் காரைக் கொண்டு இதை ஆராய்ந்தார். பின்பக்கத்தின் அதிர்வெண் முன்பக்கத்தைவிடச் சற்று அதிகமாக இருந்தால், தாமதமாகத் தொடங்கிய பின்பக்கம் விரைந்து ஆடி முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். சாய்ந்தாடும் ஆட்டம் சீரான ஏற்ற இறக்கமாக மாறும் என்று கண்டார். அலை அலையாக இருக்கும் நெடுஞ்சாலையில் எதிரே தெரியும் அடிவானம் நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் யாரோ இந்தக் கணக்கைப் பொறுமையாகப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

டயரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 205/55 அளவு டயர் 16 அங்குல ரிம்மில், 225/45 டயர் 17 அங்குலத்தில், 225/40 டயர் 18 அங்குலத்தில். (முதல் எண் டயரின் அகலம், மி.மீ.யில்; அடுத்தது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது.) மூன்றின் மொத்த விட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 63 செ.மீ. சொச்சம். ஆனால் டயரின் பக்கச்சுவர் 113 மி.மீ., 101 மி.மீ., 90 மி.மீ. என்று குறைந்துகொண்டே வருகிறது. சாலையின் சின்னச் சின்ன விளிம்புகளை முதலில் விழுங்குவது டயருக்குள் இருக்கும் காற்றுதான். அந்த இடத்தைக் குறைத்துவிட்டுப் பெரும்பாலும் எடை கூடிய ரிம்மையும் மாட்டினால் படபடப்பு உள்ளே வராமல் என்ன செய்யும்? அதனால், எந்த வகையை வாங்கப் போகிறீர்களோ அதே சக்கர அளவுள்ள காரைத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். நடு வகையை ஓட்டிவிட்டு உச்ச வகையை வாங்குவது, ஒரு காரை ஓட்டிவிட்டு வேறொரு காரை வாங்குவதற்குச் சமம். புறப்படும் முன் காற்றழுத்தத்தையும் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் அதன் ஓரத்தில் பெரும்பாலும் சரியான அளவு ஒட்டப்பட்டிருக்கும். நின்றுகொண்டே இருக்கும் கார்களில் அழுத்தம் கூடுதலாக வைத்திருப்பதுண்டு.

ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது உங்கள் தலை எந்தப் பக்கம் போகிறது? இடமும் வலமுமாக வெடுக்கென்று அசைந்தால் அது ஆன்டி-ரோல் பாரின் வேலை. இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் இந்தக் கம்பி, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கிறது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது அது குறுக்கே வராது. ஒன்று மட்டும் ஏறினால், அந்தப் பக்கத்து அடியை மறுபக்கத்துக்கும் கடத்துகிறது.

இப்போது ஸ்டீயரிங். ஆள் நடமாட்டமற்ற, தொலைவு வரை தெரியும் சாலையில் 50 கி.மீ. வேகத்தில் தடம் மாறும் அளவுக்கு மெல்லத் திருப்புங்கள். நடப்பதை ஸ்லோ மோஷனில் பார்த்தால் இப்படி இருக்கும். முன் டயர் திரும்புகிறது. தரையைத் தொடும் பகுதி, ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு ரப்பர், முறுக்கிக்கொள்கிறது. பக்கவாட்டு விசை உடனே வந்துவிடாது. டயர் கிட்டத்தட்ட அரை மீட்டராவது உருண்ட பிறகே அது முழுமையாகத் திரளும். மூக்கு திரும்புகிறது. அதன் பிறகே பின் டயர்கள் சற்றுக் கோணலாகி, தம் பங்குக்குப் பிடிக்கின்றன. அப்போதுதான் கார் வளைவில் உட்காருகிறது.

நல்ல காரில் இவை அனைத்தும் ஒரே அசைவாக வந்து சேரும். திரும்புவதும் சாய்வதும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடியும். சுமாரான காரில் அவை தனித்தனியாக வரும்: திருப்பினோம், ஒன்றும் நடக்கவில்லை, பிறகு சாய்ந்தது, பின்பக்கம் வந்து சேர்ந்ததும் இன்னொரு முறை சாய்ந்தது. ஓட்டுநருக்கு இது காரின் மேல் நம்பிக்கையின்மையாகத் தெரியும், பயணிக்கு வயிற்றுப் பிரட்டலாகத் தெரியும். குறை ஒன்றே.

சாயாத கார்தான் நன்றாகப் பிடிக்கும் என்ற எண்ணமும் சரியல்ல. வளைவில் உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்கு எவ்வளவு சுமை மாறுகிறது என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பவை காரின் ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களின் இடைவெளி, வளைவின் வேகம் ஆகியவைதான். ஸ்பிரிங்கை இறுக்கினால் சாய்வு குறையும், மொத்தச் சுமை மாற்றம் அநேகமாக அப்படியே இருக்கும். விறைப்பு முடிவு செய்வது அந்தச் சுமையை முன்பக்கம் அதிகம் ஏற்குமா, பின்பக்கம் அதிகம் ஏற்குமா என்பதைத்தான். டயரின் மேல் சுமை இரு மடங்கானால் பிடிப்பு இரு மடங்காவதில்லை, குறைவாகவே கூடும். எனவே அதிகம் ஏற்கும் பக்கம் முதலில் வழுக்கும்.

இதற்காக வேகமாகப் போக வேண்டியதில்லை. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கி.மீ. வேகமே ஈர்ப்பு விசையில் கால் பங்கு அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளும். 60 கி.மீ. என்றால் பாதிக்கு மேல் போய்விடும், அது பொதுச்சாலைக்கு உரியதல்ல. 40-லேயே ஸ்டீயரிங்கின் கனத்தைக் கவனியுங்கள். கனமாக இருக்கிறதா என்பது முக்கியமில்லை; ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் மின் மோட்டார் கனத்தைக் கூட்டிவிடும். திருப்பத் திருப்ப அது சீராகக் கூடுகிறதா? டயர் தன் எல்லையை நெருங்கும்போது, பிடிப்பு போவதற்குச் சற்று முன்பே, ஸ்டீயரிங்கை நேராக்கப் பார்க்கும் விசை தளர்ந்துவிடும். மழைநாளில் அந்தத் தளர்வுதான் முன்னெச்சரிக்கை. அதைக் கைக்குக் கடத்தும் கார், கடத்தாத கார் என்று இரண்டு வகை உண்டு, எனக்கு முதல் வகைதான் வேண்டும்.

பல கார்களில் ஓட்டுமுறையை மாற்றும் வசதி இருக்கிறது. எஃகு ஸ்பிரிங் உள்ள காரில் அந்தப் பொத்தான் ஸ்பிரிங்கை மாற்றாது; சஸ்பென்ஷனில் எதையாவது மாற்றினால், அது ஷாக் அப்சார்பரின் தணிப்பாகத்தான் இருக்கும். எண்ணெயில் மிதக்கும் இரும்புத் துகள்களைக் காந்தப்புலத்தால் கெட்டியாக்கும் முறை 2002 மாடல் காடிலாக் செவிலில் வந்தது. நன்றாகச் செய்யப்பட்டால் இது அருமையான ஏற்பாடு. ஆனால் கம்ஃபர்ட் முறையில் தலையாட்டலும் ஸ்போர்ட் முறையில் நடுக்கமும் மட்டுமே கிடைத்தால், இடையில் இருக்க வேண்டிய சரியான அளவை யாரும் தேடவில்லை என்றே கொள்வேன்.

எல்லாவற்றையும்விட நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு: வளைவின் நடுவே ஒரு ஒட்டுப்போட்ட தார். ஒரே மாடலின் இரண்டு வகைகளை ஒரே காலையில் அடுத்தடுத்து அப்படி ஓர் இடத்தில் ஓட்டினேன். பெரிய ரிம்மும் இறுக்கமான சஸ்பென்ஷனும் உள்ள கார் அந்த ஒட்டைத் தொட்டதும் ஸ்டீயரிங் உள்ளங்கையில் ஒரு சொடுக்குச் சொடுக்கியது. பின்பக்கம் விரலளவு வெளியே தாவி மறுபடி ஒட்டிக்கொண்டது. அடுத்த கார், அதே வளைவு, அதே வேகம். "தப்" என்று ஒரு மெல்லிய சத்தம், ஒரு சின்ன ஏற்ற இறக்கம், பாதை மாறவில்லை. துள்ளும் டயர் தரையைவிட்டு எழும் கணத்தில் பிடிப்பதற்கு அதனிடம் எதுவும் இல்லை. அன்று குறைவாகக் குலுங்கிய கார்தான் அதிகமாகப் பிடித்தது, இரண்டுக்கும் காரணம் டயர் தரையை விடாமல் தொட்டுக்கொண்டிருந்ததே.

கடைசியில் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் பத்து நிமிடம் உட்காருங்கள். ஓட்டுபவருக்குத் திருப்பமும் பிரேக்கும் எப்போது வரும் என்று தெரியும். உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடும். பின்னால் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. போதாக்குறைக்கு அவர் பின் அச்சுக்கு மிக அருகில் இருக்கிறார். கைபேசியில் நாலு வரி படித்துப் பாருங்கள், எழுத்து நடுங்குகிறதா என்று. பிறகு ஒப்பிட நினைக்கும் மற்றொரு காரை, முடிந்தால் அதே நாளில், அதே ஆட்களோடு, அதே வேகத்தடைக்கும் அதே ஒட்டுப்போட்ட வளைவுக்கும் கொண்டு போங்கள்.