'சாங்க்': நம் சங்கின் ஆங்கிலப் பெயர்

இலங்கையின் கடற்றொழில் சட்டங்களையும் ஏற்றுமதிப் பத்திரங்களையும் ஆங்கிலத்தில் படிப்பவர்கள் 'சாங்க்' என்ற சொல்லை அடிக்கடி காண்பார்கள். அண்மையில் கொழும்பில் என் பார்வைக்கு வந்த தமிழ் வரைவொன்றில் அச்சொல் 'சாங்க் சிப்பி' என்று பெயர்க்கப்பட்டிருந்தது. அது சங்கேயன்றி வேறில்லை. கடலோர வணிகத்தின் வழியே ஐரோப்பியர் காதில் விழுந்து, அவர்களுடைய எழுத்தில் உருமாறி, நம்மிடமே அந்நியச் சொல்லாகத் திரும்பி வந்திருக்கிறது. 'சிப்பி' என்ற ஒட்டும் பொருந்தாது. இரண்டு ஓடுகள் மூடித் திறக்கும் உயிரைச் சிப்பி என்றும் மட்டி என்றும், ஒற்றை ஓடு சுருண்டு வளரும் நத்தை இனத்துப் பேருயிரைச் சங்கு என்றும் பிரித்துச் சொல்வது தமிழ்.

1563இல் கோவாவில் அச்சான தமது நூலில், போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா இப்பொருளை 'சாங்கோ' என்று குறிப்பிட்டு, அது வங்காள வணிகத்துக்குரிய சரக்கு என்கிறார். மன்னார், யாழ்ப்பாணக் கடல்களில் எடுக்கப்பட்ட சங்குகள் நெடுங்காலமாக வங்காளத்துக்குச் சென்று, அங்கே மணமான இந்துப் பெண்கள் அணியும் வளையல்களாக அறுக்கப்பட்டன. ஆங்கிலேயர் கையில் அச்சொல்லின் ஈற்றுயிர் உதிர்ந்து 'சாங்க்' ஆயிற்று.

ஆங்கிலத்தில் சங்குக்கு இன்னொரு பெயரும் உண்டு: 'கொங்க்'. கிரேக்கத்தில் சிப்பியைக் குறித்த 'கொங்கே' இலத்தீனில் 'கொங்கா' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தை அடைந்தது. வடமொழிச் 'சங்க'வும் கிரேக்கக் 'கொங்கே'யும் ஒரே மூலத்தில் பிறந்தவை என்று மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். அப்படியாயின், ஆங்கிலம் ஒரே வேரின் இரு கிளைகளை, ஒன்றை மேற்கிலிருந்தும் மற்றொன்றை நம் கடலிலிருந்தும், தனித்தனியே பெற்றிருக்கிறது.

ஆயினும் அவற்றின் பொருள் ஒன்றன்று. 'சாங்க்' என்பது 'தர்பினெல்லா பைரம்' என்ற ஓர் இனத்தை மட்டுமே குறிக்கும். இலத்தீனில் முதற்சொல் சிறு பம்பரத்தையும் இரண்டாஞ்சொல் பேரிக்காயையும் நினைவூட்டும். சங்கைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு இரு உவமைகளும் உடனே விளங்கும். வாய்க்குள் விரலை விட்டால் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் வரப்புப்போல் தட்டுப்படும். இவ்வினத்தை அறிய அதுவே நல்ல அடையாளம். 'கொங்க்' என்பதோ பெரிய சுருளோட்டு உயிர்கள் பலவற்றுக்கும் பொதுப்பெயர். ஆகவே கரீபியக் கடலைப் பற்றிய கட்டுரையில் அச்சொல் வந்தால், அடைமொழியின்றிச் 'சங்கு' என்று எழுதக்கூடாது. நம் வாசகர் உடனே கோயிற் சங்கைத்தான் நினைப்பார். மன்னார் வளைகுடாக் கடலோரத்தார் விரல்போல் நீட்சிகள் உள்ள இனத்தை ஐவிரற்சங்கு என்றும், முள்ளடர்ந்த வேறோர் இனத்தை யானைமுள்ளி என்றும் அழைக்கின்றனர். இத்தகைய பெயர்கள் இருக்கும்போது புதிதாக ஆக்க வேண்டியதில்லை.

பழந்தமிழில் சங்குக்குக் கோடு, வளை, நந்து, பணிலம் எனப் பெயர்கள் பல உண்டு. இவற்றுள் வளை என்பது உயிருக்கும் அதை அறுத்துச் செய்த அணிக்கும் ஒருங்கே பெயராயிற்று. குறுந்தொகையின் 11ஆம் பாடல் 'கோடீர் இலங்குவளை' என்றே தொடங்குகிறது. சங்கை அறுத்துச் செய்த ஒளிரும் வளையல் என்பது அதன் பொருள். அகநானூற்றின் 24ஆம் பாடல் இன்னும் நெருங்கிப் பார்க்கிறது. வாள்போன்ற அரத்தால் வளைகளை அறுத்தெடுத்த பிறகு எஞ்சிக் கிடக்கும் சங்கின் நுனியை, முறுக்கவிழாத பகன்றை மொட்டுக்கு உவமையாக்குகிறார் புலவர். அறுப்பவன் பக்கத்தில் நின்று, கழிவையும் குனிந்து நோக்கிய கண் அது.

மொழிபெயர்ப்பில் பெரும்பிழை நேர்வது வலம்புரியில்தான். ஆங்கில அறிவியல் நூல்கள், சுருள் தொடங்கும் உச்சி மேலே இருக்கவும் வாய் நம்மை நோக்கவும் ஓட்டைப் பிடித்து, வாய் வலப்பக்கம் திறந்தால் அதை 'டெக்ஸ்ட்ரல்' என்றும், இடப்பக்கம் திறந்தால் 'சினிஸ்ட்ரல்' என்றும் வகுக்கின்றன. அவற்றை வலம்புரி, இடம்புரி என்று நேராகப் பெயர்த்துவிடத் தோன்றும். ஆனால் உண்மை நேர்மாறானது. ஓட்டைத் தலைகீழாகத் திருப்பி, ஒடுங்கிய முனை மேலே வருமாறு பிடித்தால் வாய் மறுபக்கத்துக்கு மாறிவிடும். தமிழ் வழக்கு இந்தப் பிடியோடுதான் பொருந்துகிறது. கொழும்புச் செட்டியார் தெருப் பக்கம் பூசைப் பொருட் கடையில் ஒரு சாதாரணச் சங்கை வாங்கி இரு விதமாகவும் பிடித்துப் பார்த்தால் ஐயம் தீரும். கடைக்காரர் இடம்புரி என்று தரும் அச்சங்கே அறிவியலாருக்கு 'டெக்ஸ்ட்ரல்'. மிக அரிதாகக் கிடைப்பதும் பெருவிலை பெறுவதுமான வலம்புரியே 'சினிஸ்ட்ரல்'. இதை மாற்றி எழுதினால், கடலில் எடுக்கப்படும் சங்குகளில் ஏறக்குறைய எல்லாமே வலம்புரியாகிவிடும்.

இனி 'சாங்க் ஃபிஷரி' என்ற தொடர். இதனைச் 'சங்கு மீன்பிடி' என்று எழுதுவது எனக்கு உடன்பாடன்று. சங்கு மீனுமன்று, அதைப் பிடிப்பதுமில்லை. மூச்சடக்கி மூழ்கி, மணற்றரையில் தேடி எடுப்பதே இத்தொழிலின் பழைய முறை. மூழ்குவதைக் குளித்தல் என்று சொல்லும் வழக்கிலிருந்து முத்துக்குளிப்பு என்ற சொல் பிறந்ததை எவரும் அறிவர். அதன் உடன்பிறப்பான சங்குகுளிப்பு அதே கரையில் அதே மக்கள் வாயில் வழங்கியது. மூழ்குபவரைச் சங்குகுளிப்பவர் என்றோ, இலங்கைத் தமிழில் இன்றும் இயல்பாக வழங்கும் சொல்லால் சுழியோடி என்றோ எழுதலாம். அந்த வரைவை நான் திருப்பி அனுப்பியபோது, 'சாங்க் சிப்பி மீன்பிடி' என்றிருந்த தலைப்பை அடித்துச் 'சங்குகுளிப்பு' என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதினேன்.