சொல் விளக்கம்: நோயின் பொருளாதாரச் சுமை

நீரிழிவு பற்றிய எந்த அறிக்கையைப் பிரித்தாலும் இந்தத் தொடர் வந்துவிடும். ஒரு நோயால் நாட்டுக்கும் வீட்டுக்கும் ஆகும் செலவையும், அதனால் வராமற்போன வருமானத்தையும் சேர்த்துக் காசாகக் கணக்கிட்டால் கிடைக்கும் தொகை அது. சுருக்கி 'நோய்ச்சுமை' என்று எழுதினால் குழப்பம் வரும். உலக வங்கியின் 1993ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பிறகு, நோயால் இழந்த நலமான ஆயுளை எண்ணும் அளவுக்கும் அதே பெயர்தான் புழங்குகிறது.

'சும' என்ற வினையிலிருந்து சுமை வந்தது. சுமத்தல், சும்மாடு எல்லாம் அதன் உறவுகள். ஆங்கிலப் 'பர்டன்' என்பதும் தூக்கிச் செல்வதைக் குறிக்கும் பழைய வினையிலிருந்து பிறந்ததே. ஆகவே சொல் பொருத்தமானதுதான். நீரிழிவில் உள்ள 'இழிவு' கேவலம் அல்ல. அருவி மலையிலிருந்து இழிகிறது என்போமே, அந்த இறங்குதல். 'டயாபட்டீஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் ஊடாக ஒழுகிச் செல்வது என்றுதான் பொருள். நம் வீடுகளில் அது சலரோகம், அல்லது வெறும் 'சீனி வருத்தம்'.

சிக்கல் அடுத்த இரண்டு சொற்களில். மருந்து, பரிசோதனை, வார்டு என்பவை நேரடிச் செலவு. வேலைக்குப் போக முடியாமை, போயும் முழுதாக உழைக்க முடியாமை, உரிய வயதுக்கு முன்பே வேலையிலிருந்து ஓய்வு, அகால மரணம் ஆகியவற்றை 'மறைமுகச் செலவு' என்கிறார்கள். யார் செலவழித்தது? ஒருவரும் இல்லை. வரவேண்டிய காசு வரவில்லை, அவ்வளவுதான். 'உழைப்பிழப்பு' என்பதே சரியான தமிழ் என்பது என் கட்சி.

கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்கும் நாட்டாமை ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். சீனி கூடி உள்ளங்காலில் உணர்ச்சி மங்கிவிட்டது. ஆணி ஏறியதுகூடத் தெரியாமல் புண் வைத்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் கிளினிக் இலவசம். கொப்பியில் எழுதிய மருந்து கையிருப்பில் இல்லையென்றால் பாமசியில் காசு கொடுத்து வாங்க வேண்டும். இலங்கையில் இறக்குமதிக்கு டொலர் இல்லாமற்போன 2022 நெருக்கடியில் அதுவும் கிடைக்காமல் பலர் அலைந்தார்கள். கிளினிக் நாளில் நாட்கூலியும் இல்லை. புண் ஆறும்வரை காலை ஊன்றக்கூடாது என்று டொக்டர் சொல்வார். காலை ஊன்றாமல் மூட்டை தூக்குவது எப்படி? அரசின் ஏட்டில் விழுவது மருந்தும் கட்டுத்துணியும். கூலி போனது வீட்டுக்கு மட்டும் தெரியும்.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2024இல் உலகில் 58.9 கோடி வயதுவந்தோருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்டுச் செலவு ஒரு இலட்சம் கோடி டொலருக்கு மேல். அது மருத்துவச் செலவு மட்டும். உழைப்பிழப்பு அதற்குள் இல்லை.

உழைப்பிழப்பைக் கணக்கிடும் வழக்கமான முறையிலும் ஒரு வில்லங்கம் உண்டு. இழந்த நாட்களைச் சம்பளத்தால் பெருக்குவார்கள். அப்படிப் பார்த்தால் வங்கி முகாமையாளரின் கால் விலை கூடியது, நாட்டாமையின் கால் மலிவு! அவருக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டிலிருக்கும் மனைவியின் நாட்களைப் பல ஆய்வுகள் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒரு நாட்டின் 'சுமை' இத்தனை கோடி ரூபாய் என்று எங்கேயாவது படித்தால், தொகையை விட்டுவிட்டு யாருடைய நாட்கள் அதில் சேர்ந்திருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.