கொழும்பு வெக்கையில் ஓவர்கிளாக்கிங்: வேகத்துக்கு முன் வோல்ட்டேஜ்

வெள்ளவத்தையில் ஏசி இல்லாத அறையொன்று சித்திரை மாதத்து மத்தியானத்தில் 32 பாகைக்குப் போய்விடும். குளிர்நாட்டுக்காரர் தன் 22 பாகை அறையில் வைத்துக் காட்டும் ஓவர்கிளாக் (புரொசசரைத் தயாரித்தவர் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டும்) செட்டிங்கை அப்படியே இங்கே போட்டால் அந்தப் 10 பாகையும் புரொசசரின் தலையில்தான் ஏறும். கூலரால் அறையைவிடக் குளிராக எதையும் வைத்திருக்க முடியாது; அறைக்கு மேல் எத்தனை பாகை என்பது மட்டுமே அதன் கையில் இருக்கிறது.

புரொசசரின் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. அடிப்படைக் கிளாக் 100 மெகாஹேர்ட்ஸ். மல்டிபிளையர் 45 என்றால் 4.5 கிகாஹேர்ட்ஸ், 48 என்றால் 4.8. நாம் கூட்டுவது மல்டிபிளையரை மட்டும்தான். அடிப்படைக் கிளாக்கைத் தொடாதீர்கள். இன்டெல் என்றால் பெயரின் கடைசியில் 'கே' உள்ள சிப்பும் இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவற்றில் மல்டிபிளையர் பூட்டப்படாமல் திறந்தே இருக்கும். ஆனால் ஏ320, ஏ520 போர்டுகள் இதற்கு உதவாது. பம்பலப்பிட்டிக் கடைகளில் பழைய போர்டு வாங்குபவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

4.5 கிகாஹேர்ட்ஸில் ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரம் 222 பிக்கோசெக்கன். 4.8இல் அது 208 ஆகிறது. அதற்குள் டிரான்சிஸ்டர்கள் மாறி முடியாவிட்டால் கணக்குப் பிழைக்கும். வோல்ட்டேஜைக் கூட்டினால் அவை விரைவாக மாறும், ஆனால் அதற்கான விலை பெரிது. மின்செலவு வேகத்தோடு நேராகவும், வோல்ட்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. 1.20 வோல்ட்டில் 4.5 ஓடிய சிப்பை 1.32 வோல்ட்டில் 4.8க்குக் கொண்டுபோனால் வேகம் கூடுவது 6.7 சதவீதம், சூடு கூடுவது 29 சதவீதம். 100 வாட் 129 வாட் ஆகிறது. முன்பு அறையைவிட 50 பாகை கூடுதலாக இருந்த சிப் இப்போது ஏறக்குறைய 65 பாகை கூடுதலாக இருக்கும். 22 பாகை அறையில் 87, வெள்ளவத்தையில் 97. ரைசன் 7000 வரிசை 95இல் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெல் சிப்கள் பல 100இல். கூட்டிய வேகம் கைக்கு வராமலே போய்விடும்.

வேலையைத் தொடங்குமுன் பைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். இந்த செட்டிங்குகள் இருக்கும், போர்டிலேயே பதிந்த அடிப்படை மென்பொருளான பயோஸைப் புதுப்பியுங்கள். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் சிப் வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம். அளவுமீறிய வோல்ட்டேஜால் அவை பழுதாவதைத் தடுக்கும் திருத்தங்கள் 2024இல்தான் வந்தன. ராமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பிழை ராமிலா சிப்பிலா என்று தெரியாது. பிறகு எதையும் மாற்றாமலே, சிப்பை முழுமூச்சாக வேலைவாங்கும் சினிபெஞ்ச் சோதனையை 10 நிமிடம் ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் உச்ச வெப்பநிலையையும் வோல்ட்டேஜையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போதே 85ஐத் தாண்டினால் கூலரை மாற்றுவதுதான் முதல் வேலை.

இனி மல்டிபிளையரை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள், ஒவ்வொரு முறையும் அதே சோதனை. வோல்ட்டேஜை ஆட்டோவில் விடவே வேண்டாம். மல்டிபிளையர் ஏறும்போது போர்டுகள் தேவைக்கு மேல் அள்ளிக் கொடுக்கும். கையால் நிலையாக வைத்து, சோதனை விழுந்தால் மட்டும் 0.01 வோல்ட் கூட்டுங்கள். ரைசன் 5000 வரிசையில் எல்லாக் கோர்களுக்கும் நிலையாகக் கொடுப்பதென்றால் 1.25இலேயே நிறுத்துவது எங்கள் ஆலோசனை. அதே ரைசனில், ஒவ்வொரு வேகத்துக்கும் சிப் கேட்கும் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கேர்வ் ஒப்டிமைசரை மைனஸ் 10க்குக் கொண்டுபோவது இந்த ஊருக்கு இன்னும் பொருத்தம்: வோல்ட்டேஜ் குறைகிறது, சூடு குறைகிறது, மிஞ்சிய இடத்தில் சிப் தானாகவே வேகமெடுக்கிறது.

நீலத்திரை வந்தால் நல்லது, குறை உடனே தெரிந்துவிட்டது. சத்தமில்லாத பிழைதான் பொல்லாதது. கணினி ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே பைல்கள் கெட்டுக்கொண்டிருக்கும். விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'டபிள்யூஎச்இஏ' என்று ஒரே ஒரு வன்பொருள் பிழை வரி இருந்தாலும் அந்த செட்டிங் தோல்விதான். ஒரு படி இறங்குங்கள். திரையே வராவிட்டால் பிளக்கைக் கழற்றி, போர்டிலுள்ள வட்ட பேட்டரியை 5 நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பயோஸ் பழைய நிலைக்கு வந்துவிடும்.

கடைசிச் சோதனையை ஏசி போட்ட இரவில் செய்யாதீர்கள். ஜன்னல் வெயில் விழும் மத்தியானத்தில், கேஸை மூடி, ஒரு மணிநேரம் ஓட்டுங்கள். கொழும்புக் காலி வீதிக்குக் கடற்பக்கம் இருப்பவர்கள் 3 மாதத்துக்கொருமுறை கூலரின் தகடுகளைப் பெயின்ட் பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். உப்புக்காற்றின் ஈரத்தில் தூசி பசைபோல ஒட்டிவிடும், வெறும் ஊதலுக்கு அது போகாது.