காதால் பார்க்கும் ஆழம்

திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லோஞ்சில் போகும்போது, குடாவின் நடுப்பகுதி வந்ததும் பெரியப்பா தண்ணீரைக் காட்டுவார். "இதில ஈயக்குண்டை விட்டா கயிறுதான் முடியும், தரை வராது." ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்பவர் அவர். இரண்டு கைகளையும் அகல விரித்தால் ஒரு பாகம், கிட்டத்தட்ட ஆறடி. கரையோரத்தில் ஐந்து பாகம், பத்துப் பாகம் என்று சொல்லிக்கொண்டே வருபவர், அந்த இடத்தில் எண்ணுவதை விட்டுவிடுவார்.

அவர் காட்டிய தண்ணீருக்கு அடியில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே அது தொடங்குகிறது. அங்கிருந்து சரிந்து சரிந்து, 3,000 மீற்றருக்கும் கீழே கிடக்கும் வங்காள விரிகுடாவின் தரையை நோக்கிப் போகிறது. எத்தனையோ நாடுகளில் ஆழ்கடலைப் பார்க்கக் கப்பல்கள் நாள் கணக்காக ஓட வேண்டும். நமக்கு அது வாசற்படியிலேயே இருக்கிறது. கோணேசர் மலையில், இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்று கீழே எட்டிப் பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இப்படிப்பட்ட பள்ளத்தாக்குகள் சும்மா கிடப்பவையும் அல்ல. ஆறு கொண்டுவரும் மணலும் சேறும் விளிம்பில் குவியும். ஒருநாள் அந்தக் குவியல் சரிந்தால், சேறு கலந்த கனமான நீர் ஒரு வெள்ளம்போலக் கடலுக்குள்ளேயே பாயும். 1929 நவம்பரில் கனடாவுக்கு அருகே நிலநடுக்கம் ஏற்பட்டபோது, அத்திலாந்திக் கடலடியில் கிடந்த தந்திக் கம்பிகள் பலமணி நேரமாக ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. மேட்டில் கிடந்தவை முதலில், பள்ளத்தில் கிடந்தவை பிறகு. கம்பிகள் அறுந்த நேரத்தை வைத்துத்தான், கடலுக்குள் ஒரு சேற்று வெள்ளம் ஓடியதையும் அது எவ்வளவு வேகமாக ஓடியது என்பதையும் பல ஆண்டுகளுக்குப் பிறகு கணக்கிட்டார்கள். கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை.

கடலுக்குள் கண்ணை நம்ப முடியாது. சூரிய ஒளியில் சிவப்பு நிறம் முதல் சில மீற்றர்களிலேயே கரைந்துவிடும். 200 மீற்றருக்குக் கீழே அந்திப்பொழுதுதான், 1,000 மீற்றருக்குக் கீழே முழு இருட்டு. சரி, ராடரை அனுப்பலாமா? உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் வானொலி அலைகளை அது உடனே விழுங்கிவிடுகிறது. ஜி.பி.எஸ். சமிக்ஞையும் தண்ணீர்ப் பரப்போடு நின்றுவிடும். மிஞ்சுவது ஒலி மட்டுமே. காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீற்றர் ஓடும் ஒலி, கடல்நீரில் சுமார் 1,500 மீற்றர் ஓடுகிறது, அதுவும் வெகுதூரம்.

கணக்கு எளிது. கப்பலின் அடியிலிருந்து ஓர் ஒலித்துடிப்பு கிளம்புகிறது. தரையில் மோதி எதிரொலி திரும்ப நான்கு நொடி எடுத்தால், ஒலி போய்வந்த தூரம் 6,000 மீற்றர். அதில் பாதி, 3,000 மீற்றர், அந்த இடத்தின் ஆழம். மீன்பிடிப் படகுகளில் உள்ள எக்கோ சவுண்டர் செய்வதும் இதேதான்.

ஆனால் அந்த 1,500 என்பது நிலையான எண் அல்ல. நீர் குளிர்ந்தால் ஒலி மெதுவாகும், உப்பும் அழுத்தமும் கூடினால் வேகமாகும். வெப்பமான மேல்நீரிலிருந்து குளிர்ந்த அடிநீருக்குப் போகும் ஒலி, நேர்கோட்டில் போகாமல் வளைந்துகொண்டே போகும். ஆகவே அளவெடுக்கும் கப்பல் அவ்வப்போது ஒரு கருவியைக் கம்பியில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் எவ்வளவு வெப்பம், எவ்வளவு உப்பு என்று பார்த்துக்கொள்ளும். மழையும் ஆறுகளும் மேல்நீரின் உப்பைக் குறைத்துவிடும் வங்காள விரிகுடாவில் இது மிகவும் முக்கியம். அளக்காமல் விட்டால், சமமான தரைகூட வளைந்ததாக வரைபடத்தில் தெரியும்.

இப்போதைய கப்பல்கள் ஒரு துடிப்புக்கு ஒரு புள்ளியை மட்டும் அளப்பதில்லை. நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகளை விசிறிபோல இரண்டு பக்கமும் விரித்து, ஓர் அகன்ற பட்டையையே அளந்துகொண்டு போகின்றன. வயலை உழுவதுபோல முன்னும் பின்னுமாக ஓடினால், தரையின் முழு உருவமும் கிடைத்துவிடும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு, என்னை மிகவும் யோசிக்க வைத்த சிக்கல். ஒரு கற்றையின் அகலம் ஒரு பாகை என்று வைத்துக்கொள்வோம். 50 மீற்றர் ஆழத்தில் அது ஒரு மீற்றர் அகல இடத்தைத்தான் தொடும். 4,000 மீற்றர் ஆழத்தில் எழுபது மீற்றர் அகலத்துக்குப் பரந்துவிடும். அந்த வட்டத்துக்குள் ஒரு வீடு இருந்தாலும் தெரியாது. கூர்மையாகப் பார்க்க அதிக அதிர்வெண் வேண்டும், ஆனால் அதிக அதிர்வெண் ஒலியை நீர் சீக்கிரம் உறிஞ்சிவிடும். கப்பலில் இருந்தபடி இரண்டையும் பெற முடியாது. ஒரே வழி, கருவியே கீழே போவது.

அப்படிப் போகத்தான் ஆளில்லாத் தானியங்கி ஊர்திகள் வந்தன. தரைக்குச் சில பத்து மீற்றர் உயரத்தில் நீந்திக்கொண்டு, அதிக அதிர்வெண் ஒலியால் அவை தரையைத் துல்லியமாக வரைகின்றன. அங்கே ஜி.பி.எஸ். கிடையாது. ஆகவே தன் வேகத்தையும் திருப்பங்களையும் ஊர்தி தானே கணித்து, தான் இருக்கும் இடத்தை ஊகிக்கிறது. அந்த வேகத்தை அளப்பதும் ஒலிதான். தரையில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து, எவ்வளவு வேகமாக நகர்கிறோம் என்று கண்டுகொள்கிறது.

மனிதரே கீழே போவதென்றால் அழுத்தம்தான் சிக்கல். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 3,000 மீற்றரில், கட்டைவிரல் நகத்தளவு இடத்தின்மேல் சுமார் 300 கிலோ, அதாவது 50 கிலோ அரிசி மூட்டைகள் ஆறு. அங்கே வாழும் மீன்கள் நசுங்காததற்குக் காரணம், அவற்றின் உடல் பெரும்பாலும் நீர்தான், நசுங்குவதற்கு உள்ளே அழுத்தம் குறைந்த காற்றுவெளி இல்லை. மனிதருக்குக் காற்று வேண்டும். காற்றைச் சுற்றிக் கோளமாகச் சுவர் எழுப்பினால்தான் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 என்ற ஆழ்கடல் நீர்மூழ்கி ஊர்தியின் உள்ளே இருப்பதும், மூன்று பேர் உட்காரக்கூடிய, 2.1 மீற்றர் விட்டமுள்ள டைட்டானியம் கோளம்தான்.

இவ்வளவு இருந்தும், உலகக் கடல்தரையில் நேரடியாக ஒலியால் அளந்து வரையப்பட்ட பகுதி 2025 இல்கூடக் கால்பங்கைச் சற்றுத்தான் தாண்டியிருந்தது. மீதியை செயற்கைக்கோள்கள் ஊகமாகச் சொல்கின்றன. கடலடி மலை தன் ஈர்ப்பால் நீரைத் தன்பக்கம் இழுப்பதால், மேலே கடற்பரப்பு ஓரிரு மீற்றர் புடைக்கும். அந்தப் புடைப்பை வானிலிருந்து அளக்கிறார்கள். அழகான வழி, ஆனால் சில கிலோமீற்றர் அகலத்துக்குக் குறைந்த எதுவும் அதில் தெரியாது.

நம் பள்ளத்தாக்கின் பக்கம் ஒலியால் பார்க்கும் இந்த வேலையை மனிதருக்கு வெகுகாலம் முன்பே செய்துவருபவர்கள் இருக்கிறார்கள். திருகோணமலைக்கு வெளியே நீலத் திமிங்கிலங்களோடு எண்ணெய்த் திமிங்கிலங்களும் வருகின்றன. கரைக்கு இவ்வளவு கிட்ட அவை வருவது, ஆழம் இவ்வளவு கிட்ட இருப்பதால்தான். எண்ணெய்த் திமிங்கிலம் மூச்சை அடக்கி முக்கால் மணிநேரம் வரை ஆயிரம் மீற்றர் இருட்டுக்குள் இறங்கும். அதன் பெரிய தலை முழுக்க ஓர் ஒலிக்கருவி. இறங்கும்போதே 'டிக்... டிக்...' என்று ஒரு சீராகத் தட்டிக்கொண்டு போய், எதிரொலியில் தன் இரையான கணவாயைத் தேடும். கணவாய் நெருங்க நெருங்க இடைவெளி குறுகும், தட்டல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, துருப்பிடித்த கதவு திறப்பதுபோல ஒரு நீண்ட கிறீச்சொலியாகும். நீருக்கடி ஒலிவாங்கியை இறக்கிக் கேட்பவர்களுக்கு, அதன்பின் சில நொடி ஒன்றும் கேட்காது. அப்புறம் மறுபடி, பழைய சீரில், 'டிக்... டிக்...'