டூப்ளிகேட்: சாவிக்குச் சரி, தரவுத்தளத்துக்கு?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சாவிக் கடைக்குப் போய் "டூப்ளிகேட் ஒன்னு போட்டுக் கொடுங்க" என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பக்கத்துக் கடையில் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து "இது டூப்ளிகேட்" என்றால் கடைக்காரர் சண்டைக்கு வருவார். கணக்கு மென்பொருள் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்குப் போன் போட்டு "கஸ்டமர் லிஸ்ட்ல டூப்ளிகேட் வருதுங்க" என்று ஒருவர் சொல்லும்போது அது இந்த இரண்டிலும் சேராது. ஒரே ஆள் பட்டியலில் இரண்டு வரியாக நிற்கிறார். வேண்டி எடுத்த நகலும் இல்லை, ஏமாற்றச் செய்த போலியும் இல்லை. இந்த மூன்றாவது பொருளுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் பேச்சு.

முதலில் வேர். லத்தீனில் 'துவோ' என்றால் இரண்டு, 'பிளிக்காரே' என்றால் மடித்தல். இரண்டாக மடித்ததுதான் டூப்ளிகேட். தமிழும் அதே வழியில் போயிருக்கிறது: மடங்குதல் என்றாலும் மடிதல்தான், அதிலிருந்து வந்தது மடங்கு, இருமடங்கு. மலாயில் 'பெண்டுவா' என்கிறார்கள். 'டுவா', அதாவது இரண்டு, என்பதிலிருந்து பிறந்த சொல். மாற்றுச் சாவிக்கும் அதுதான், கணினிப் பதிவுக்கும் அதுதான். துவோவும் டுவாவும் ஒலியில் ஒத்திருப்பது வெறும் தற்செயல். மலாய்ச் சொல் ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தின் சொந்தச் சொத்து.

தமிழில் கைக்கு முதலில் வருவது 'நகல்'. அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. 'பிரதி' வடமொழி. நல்ல தமிழ் வேண்டுமென்றால் 'படி'. படியெடுத்தல் என்று இன்றும் சொல்கிறோம். மூன்றிலும் ஒரே சிக்கல்தான்: நகல் என்றால் எங்கோ ஒரு மூலம் இருக்க வேண்டும். தரவுத்தளத்தில் நிற்கும் இரண்டு வரிகளில் எது மூலம்? பெரும்பாலும் இரண்டுமே அரைகுறை. ஒன்றில் முகவரி சரி, இன்னொன்றில் கைப்பேசி எண் சரி.

அடுத்தது 'இரட்டைப் பதிவு'. பார்க்க அழகான சொல்தான். ஆனால் கணக்கு மென்பொருளில் இதைப் பயன்படுத்தவே கூடாது. கணக்கியலில் இரட்டைப் பதிவு முறை என்பது ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்றிலும் வரவிலும் எழுதும் முறை. 1494இல் வெனிஸில் லூக்கா பச்சோலி அச்சிட்டு விளக்கியது. "உங்கள் பேரேட்டில் இரட்டைப் பதிவு உள்ளது, நீக்கவும்" என்று உதவிப் பிரிவு எழுதினால், கணக்குப் படித்தவர் தலையில் அடித்துக்கொள்வார்.

'போலி' என்ற சொல்லைப் பேச்சு வழக்கு கெடுத்துவிட்டது. இலக்கணத்தில் போலி என்றால் எழுத்து மாறினாலும் பொருள் மாறாத சொல். அறம், அறன் என்பது கடைப்போலி. நம் ஊர் வாடிக்கையாளர் பட்டியலில் நடப்பது அச்சு அசலாக இதுதான். மலேசியத் தமிழர் பெயர்கள் ஆங்கில எழுத்தில் அவரவர் காதுக்குக் கேட்டபடி ஏறியவை. லட்சுமி அம்மா ஐசியில், அதாவது அடையாள அட்டையில், லெட்சுமி ஆகியிருப்பார். பெயருக்குப் பின்னால் மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம் 'ஏ/பி' போட்டு அப்பா பெயர் வரும். பில் போடும் பிள்ளை அதை ஒருநாள் சேர்ப்பார், ஒருநாள் விடுவார். ஆள் ஒருவர், பதிவு மூன்று.

இதைப் பிடிக்க 'சவுண்டெக்ஸ்' என்று ஒரு பழைய உத்தி இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் ரசல் 1918இல் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் வரும் மெய்யெழுத்துகளை எண்களாக்கும். சண்முகத்தை எஸ்-எச் என்று தொடங்கினாலும் வெறும் எஸ் என்று தொடங்கினாலும் எஸ்525தான்; நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் 'எல்-ஏ-கே-எஸ்-எச்-எம்-ஐ' எல்250 ஆகிறது, 'எல்-இ-டி-சி-எச்-யு-எம்-ஐ' எல்325 ஆகிறது. லட்சுமியும் லெட்சுமியும் அதற்கு வேறு வேறு ஆள். விஜயனை ஒருவர் 'வி'யிலும் இன்னொருவர் 'டபிள்யூ'விலும் தொடங்கினால் முதல் எழுத்திலேயே கதை முடிந்தது. ஆங்கிலப் பெயர்களுக்குச் செய்த சல்லடையில் நம் பெயர்கள் நழுவத்தான் செய்யும்.

தமிழிலேயே பெயரை அடித்தால் தொல்லை தீர்ந்ததா? இல்லை. கோபாலின் 'கோ'வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், முன்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடு இதற்குச் சீராக்க விதி வைத்திருப்பதால், சேமிக்கும் முன் சீராக்கினால் போதும். ஆனால் ஔவையின் முதல் எழுத்தை ஔ என்று அடிக்காமல் ஒ, ள என்று இரண்டாக அடித்தவரை அந்த விதியும் காப்பாற்றாது.

சரி, பெயரை நம்ப வேண்டாம், எண்ணை நம்பலாம் என்றால் அங்கேயும் ஓட்டை. மலேசிய அடையாள அட்டையான மைகார்டின் எண் 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். பினாங்கு 07, கோலாலம்பூர் 14. இதில் 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். அந்தப் பட்டியலை எக்செலில் திறந்து, எண் என்று நினைத்து அது முன் பூஜ்யத்தைத் தின்றுவிட, திரும்ப ஏற்றினால் பாதிப் பேர் புது ஆளாக உள்ளே வருவார்கள். கடைகளுக்கும் இதே கதி. மலேசிய நிறுவன ஆணையம் 2019இல் 12 இலக்கப் புதிய பதிவெண்ணைக் கொண்டுவந்தது. ஒரே செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம், பழைய எண்ணில் ஒருமுறை, புதிய எண்ணில் ஒருமுறை என்று பட்டியலில் உட்கார்ந்திருக்கும்.

இப்போது சொல்லுக்கு வருவோம். நூல் எழுதுவதில் வரும் பத்துக் குற்றங்களை நன்னூல் சொல்கிறது. தொல்காப்பிய மரபியலிலும் அந்தப் பத்து என்ற கணக்கு உண்டு. அவற்றில் ஒன்று 'கூறியது கூறல்', இன்னொன்று 'மிகைபடக் கூறல்'. நமக்கு வேண்டியது அங்கேயே கிடக்கிறது. நடக்கும் தவற்றுக்குப் 'பதிந்தது பதிதல்', அதனால் உண்டாகும் அதிக வரிக்கு 'மிகைப் பதிவு'. பதிதல் தன்வினை ஆயிற்றே என்று இலக்கணம் படித்தவர் கேட்கலாம். 'பெயரைப் பதிந்தார்' என்பது எழுத்து வழக்கில் வேர்விட்டாயிற்று, விட்டுவிடலாம். மிகைப் பதிவு என்றால் கடவுச்சீட்டு நகலோடும் குழம்பாது, கள்ளப் பொருளோடும் குழம்பாது, பற்று வரவோடும் குழம்பாது. 'மறுபதிவு' என்று சிலர் எழுதுகிறார்கள். அது மறுபடி பதிவு செய்யச் சொல்வது போல இருப்பதால் எனக்கு உடன்பாடில்லை.

இரண்டு பதிவைச் சேர்த்து ஒன்றாக மெர்ஜ் பண்ணுவதற்கும் ஒரு சொல் வேண்டும். 'இணைத்தல்' என்று எழுதாதீர்கள், அது இரண்டு அட்டவணைகளைச் சேர்த்துத் தேடும் 'ஜாயின்' வேலைக்குப் போய்விட்டது. 'ஒன்றாக்கல்' போதும். ஒன்றாக்கல் என்பது அழித்தல் இல்லை என்பதை வாடிக்கையாளருக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். மிகைப் பதிவின் கீழ் தொங்கும் பில், ரசீது எல்லாவற்றையும் நிற்கப்போகும் பதிவுக்கு முதலில் மாற்ற வேண்டும், அப்புறம்தான் மற்றதை முடக்க வேண்டும். முடக்கினால் போதும், துடைத்தெறிய வேண்டாம். வருமான வரிச் சட்டப்படி கணக்கு ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

பில்லே மிகைப் பதிவானால் அவசரம் கூடுகிறது. 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிய இ-இன்வாய்ஸ் முறையில், திரை மெதுவாக இருக்கிறதே என்று பொத்தானை மறுபடி அழுத்தி, வேறு எண்ணில் இரண்டாவது பில்லும் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குப் போய் ஏற்கப்பட்டுவிட்டால், நம் பக்கம் அழித்து எந்தப் பயனும் இல்லை. 72 மணி நேரத்துக்குள் வாரியத்தின் தளமான மைஇன்வாய்ஸிலேயே ரத்து செய்ய வேண்டும். அது தாண்டிவிட்டால் பில் தொகையைக் கழிக்கும் கிரெடிட் நோட்தான் வழி.