துணிப்பை ஏன் வெளியே தொங்கியது?

1908-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஹூவர் ‘மாடல் ஓ’ வாக்யூம் கிளீனரில், கைப்பிடியை ஒட்டி ஒரு துணிப்பை வெளியே தொங்கும். ஸ்விட்சைப் போட்டதும் அது உப்பிக்கொள்ளும். 1921-இல் ஸ்வீடனில் வெளியான எலக்ட்ரோலக்ஸ் ‘மாடல் வி’யில் பை கண்ணில் படவே படாது. தரையில் படுத்திருக்கும் ஓர் உருளை, அடியில் சறுக்கிச் செல்ல இரண்டு தண்டுகள், முன்னால் நீளமான குழாய், அவ்வளவுதான். செய்யும் வேலை ஒன்று, உருவம் மட்டும் ஏன் இப்படி மாறியது? தூசி பிடிக்கும் பை விசிறிக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

மோட்டார் சுழலும்போது விசிறி காற்றை விளிம்பை நோக்கி வீசி எறிகிறது. அதனால் நடுவில் அழுத்தம் குறைகிறது. அறையில் இருக்கும் காற்றின் அழுத்தம் அதிகம் என்பதால், அது உள்ளே பாய்ந்து வருகிறது, வரும் வழியில் தூசியையும் அள்ளிக்கொண்டு வருகிறது. உறிஞ்சுகிறது என்று நாம் சொன்னாலும், தள்ளும் வேலையைச் செய்வது வெளிக்காற்றுதான்.

இந்த வழியை 1901-இல் லண்டனில் பிடித்தவர் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர். தூசியை ஊதித் தள்ளும் ஒரு கருவியைப் பார்த்த அவர், ஊதுவதை விட இழுப்பதுதான் சரி என்று நினைத்தார். உணவகம் ஒன்றில் நாற்காலி மெத்தை மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் அடிப்பக்கம் தூசி அப்பியிருந்தது. அவர் செய்த இயந்திரமோ குதிரை வண்டியில் ஏற்ற வேண்டிய அளவு பெரியது. வண்டி தெருவில் நிற்கும், குழாய்கள் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும்.

வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் அளவுக்கு அதைச் சிறிதாக்கியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர். ஓஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்தவர், ஆஸ்துமா நோயாளி. கம்பளத்தைக் கூட்டும்போது கிளம்பிய தூசி அவருக்கு மூச்சுத் திணறலைக் கொடுத்தது. மின்விசிறி மோட்டார், சோப்புப் பெட்டி, துடைப்பக் கம்பு, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கருவியை உருவாக்கினார். அந்தக் காப்புரிமையை வாங்கியவர்தான் தோல் பொருட்கள் செய்துவந்த வில்லியம் ஹூவர்.

ஸ்பாங்லரின் வடிவமைப்பில் காற்று போகும் வழி தரை, விசிறி, பை என்ற வரிசையில் இருக்கிறது. தரைக்கும் விசிறிக்கும் இடையே தூரம் மிகக் குறைவு, வழியும் அகலம். அதனால் தடை குறைந்து, ஏராளமான காற்று பாய்கிறது. பைக்குள் காற்று தள்ளப்படுவதால் பை உப்புகிறது. அதைப் பெட்டிக்குள் அடைக்க வேண்டிய தேவையே இல்லை, வெளியே தொங்கினால் துணி முழுவதும் காற்று வெளியேறலாம். ஆனால் ஹேர்பின்னோ நாணயமோ உள்ளே போனால் அது நேராக விசிறியில்தான் போய் மோதும். இறக்கை உடைவதும் உண்டு.

கம்பளம் விரித்த வீடுகளுக்கு இந்த வடிவம் அருமையாகப் பொருந்தியது. கம்பளத்தைக் கெடுப்பது மேலே தெரியும் தூசியை விட, இழைகளின் அடியில் இறங்கிவிட்ட மணல்தான். 1926-இல் ஹூவர் நிறுவனம் சுழலும் பிரஷ் உருளையில் உலோகக் கட்டைகளைச் சேர்த்தது. காற்று கம்பளத்தைச் சற்றே தூக்கிப் பிடிக்க, கட்டைகள் அதைத் தட்டிக்கொண்டே இருக்கும். அடியில் கிடந்த மணல் அதிர்ந்து மேலே வரும். என் பார்வையில் பழைய வாக்யூம் கிளீனர்களிலேயே மிகப் புத்திசாலித்தனமான யோசனை இதுதான்.

எலக்ட்ரோலக்ஸ் வரிசையை மாற்றிப்போட்டது. முதலில் பை, அப்புறம் விசிறி. பை இருக்கும் அறையில் அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும் என்பதால் அது காற்றுப் புகாத உருளைக்குள் போனது. விசிறிக்கு வருவது வடிகட்டிய காற்று, எனவே இறக்கைகள் அடிபடுவதில்லை. ஒல்லியான நீளக் குழாயின் தடையை மீற வலுவான இழுப்பு தேவை. அதற்கு வேகமாகச் சுழலும் விசிறி வேண்டும். அதே காற்று மோட்டாரைக் குளிர்வித்துவிட்டுப் பின்பக்கமாக வெளியேறுகிறது. குழாயைப் பின்னால் மாட்டினால் ஊதவும் செய்யலாம்.

இந்த வகையில் குழாயின் வாயைக் கையால் பொத்தினால் மோட்டார் சத்தம் கீச்சென்று உயரும். மோட்டார் திணறுகிறது என்று பலரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. வீசி எறியக் காற்றே இல்லாததால் விசிறியின் சுமை குறைந்து, மோட்டார் இன்னும் வேகமாகச் சுழல்கிறது. ஆனால் குளிர்விக்கும் காற்றும் நின்றுபோவதால் வெகுநேரம் அப்படி விடக் கூடாது.

1936-இல் ஹென்றி ட்ரைஃபஸ் என்ற வடிவமைப்பாளர் ஹூவர் ‘மாடல் 150’க்கு பேக்லைட் என்னும் ஆரம்பகாலப் பிளாஸ்டிக்கில் மூடி போட்டு மோட்டாரையும் விசிறியையும் அழகாக மறைத்தார். பை மட்டும் வெளியேதான் இருந்தது, காற்றின் வரிசை மாறவில்லையே! 1950-களில் வந்த ஹூவர் ‘கான்ஸ்டலேஷன்’ பந்து போன்றது. வெளியேறும் காற்றைக் கீழே செலுத்தி, அந்தக் காற்று மெத்தையின் மேலேயே மிதந்து நகரும்படி அதைச் செய்தார்கள். இந்தியாவில் 1982-இல் எலக்ட்ரோலக்ஸின் கூட்டில் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் வீடு வீடாக விற்ற யூரோகிளீன், கம்பளம் இல்லாத நம் தரைகளுக்குத் தோதான குழாய் வகை.

இரண்டு வகைக்கும் பொதுவான குறை, துணியின் கண்கள் அடைபட அடைபட இழுப்பு குறைவது. ஜேம்ஸ் டைசன் என்ற பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் 5,127 மாதிரிகள் செய்து பார்த்த பிறகு, பையே இல்லாமல் காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரித்தார். 1993-இல் வந்த அவருடைய ‘டிசி01’ ஹூவரைப் போல நிமிர்ந்து நிற்கும், ஆனால் எலக்ட்ரோலக்ஸைப் போலத் தூசி பிரிந்த பிறகே காற்று விசிறிக்குப் போகும். சுழலில் சிக்காத நுண்தூசிக்காக மோட்டாருக்கு முன்னால் ஒரு வடிகட்டி இருக்கிறது. அது அடைபட்டால் இதிலும் இழுப்பு குறையும்.