ஹெல்மெட்டுக்குள் மஞ்சள் உறை: எவ்வளவு நம்பலாம்?

டர்பன் கடற்கரையில் ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டும் அக்கா மகளுக்கு ஹெல்மெட் வாங்கப் போயிருந்தோம். தென்னாப்பிரிக்காவில் சைக்கிளுக்கும் அது சட்டப்படி கட்டாயம். "மாமா, இது உள்ளே ஆடுது பாருங்க" என்று ஒன்றை நீட்டினாள். மஞ்சள் பிளாஸ்டிக் உறை ஒன்று, விரலால் தள்ளினால் ஒரு சென்டிமீட்டர் போல நகர்ந்தது. பழுது இல்லை, அதுதான் மிப்ஸ்: விழும்போது தலையின் சுழற்சியைக் குறைக்க வைத்த வழுக்கும் உறை. விலை கூடுவதும் அதனால்தான்.

சாதாரண ஹெல்மெட்டில் அடியை வாங்குவது வெள்ளை நுரை. அது நசுங்கும்போது தலை நிற்க இன்னும் சில மில்லிவினாடிகள் கிடைக்கின்றன, மண்டை தப்பிக்கிறது. ஈஎன் 1078 என்ற ஐரோப்பியத் தரம் நெடுங்காலமாகச் சோதித்ததும் இதைத்தான்: சோதனைத் தலைக்கு ஹெல்மெட் மாட்டி, சுமார் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து நேராகக் கீழே போடுவார்கள். முடுக்கம் 250 ஜி-யை, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 250 மடங்கை, தாண்டக் கூடாது.

ஆனால் ஓடுகிற சைக்கிளிலிருந்து யாரும் அப்படி நேராக விழுவதில்லை. சாய்வாக மோதுகிறோம். ஹெல்மெட் தார்ச்சாலையைக் கவ்விக்கொள்ள, தலை வெடுக்கென்று சுழல்கிறது. ஒரு கிண்ணம் தயிரைச் சட்டென்று திருகிப் பாருங்கள். கிண்ணம் திரும்பிவிடும், தயிர் பின்தங்கும், ஓரத்தில் கிழியும். மூளைக்கும் ஏறக்குறைய இதே கதிதான். ஆக்ஸ்ஃபோர்டில் ஹோல்போர்ன் என்ற இயற்பியலாளர் 1943-லேயே ஜெலட்டின் மாதிரிகளை வைத்து இதைச் சொல்லிவிட்டார். ஸ்வீடனில் உருவான மிப்ஸில் அந்த உறை 10 முதல் 15 மில்லிமீட்டர் வழுக்கி, சுழற்சியில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்கிறது.

சரி, சான்று? ஆய்வகத்தில் நிறையவே இருக்கிறது. சாய்ந்த தளத்தில் மோதவிட்டால் தலையின் சுழற்சி பெரும்பாலும் குறைகிறது. எவ்வளவு என்பது ஹெல்மெட்டையும் அடிபடும் இடத்தையும் பொறுத்தது. இன்னொன்று, சோதனைத் தலையின் ரப்பர் தோல் ஹெல்மெட்டை நன்றாகப் பற்றிக்கொள்ளும். நம் தலைத்தோலும் முடியும் தாமாகவே கொஞ்சம் வழுக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் எண்ணெய் தடவிய பின்னல் அந்தத் தலைக்குத் தெரியாது.

எனக்குக் கோபம் வருவது விளம்பரக் கணக்கில்தான். 2019-இல் வேவ்செல் என்ற தேன்கூட்டு அமைப்பு வந்தபோது, மூளை அதிர்ச்சியைத் தடுப்பதில் நுரை ஹெல்மெட்டைவிட "48 மடங்கு வரை" சிறந்தது என்றார்கள். அந்த எண் எப்படி வந்தது? ஒரு சோதனையில், 45 பாகைச் சாய்வில், வினாடிக்கு 6.2 மீட்டர் வேகத்தில், காய வாய்ப்பு சாதாரண ஹெல்மெட்டுக்கு 58.7 சதவீதம், வேவ்செல்லுக்கு 1.2 சதவீதம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தார்கள், அவ்வளவுதான். அந்த சதவீதமும் ஒரு சூத்திரத்தின் கணிப்பே, அடிபட்ட மனிதர்களை எண்ணியதல்ல. ஆய்வில் பங்கெடுத்தவர்களில் வேவ்செல்லைக் கண்டுபிடித்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் தனியாகச் சோதித்து நட்சத்திரம் தருகிறது. அங்கே வேவ்செல்லுக்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்தது உண்மை. விலை குறைந்த பல மிப்ஸ் ஹெல்மெட்டுகளுக்கும் அதே ஐந்துதான்.

சாலையில் அடிபட்டவர்களை வைத்து வந்த உறுதியான சான்று ஹெல்மெட் என்ற பொருளுக்கே. 2016-இல் 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிளோட்டிகளின் தரவைத் தொகுத்தபோது, ஹெல்மெட் போட்டவர்களிடம் கடுமையான தலைக்காயத்தின் வாய்ப்பு சுமார் 69 சதவீதம் குறைவாக இருந்தது.

கடையில் நடுத்தர விலையில், மஞ்சள் உறையோடு ஒன்றை எடுத்தோம். அவள் பின்னலைத் தாழ்வாகக் கட்டச் சொல்லி மாட்டினேன். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி. அப்புறம் தாடைப்பட்டையைப் பூட்டிவிட்டு, பெரிதாகக் கொட்டாவி விடச் சொன்னேன். ஹெல்மெட் உச்சந்தலையில் அழுந்தி இறங்கியது. அதையே வாங்கினோம்.